அசுவினிக்குப் பின்னால்தான் பொறிவண்டு வரும்: ஒரு பெங்களூரு குளிர்காலத் தோட்டப் பதிவு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே இரவு வெப்பநிலை சராசரியாக 15, 16 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. பகலிலும் பெரும்பாலும் 27, 28 டிகிரி அளவிலேயே இருக்கும். ஊட்டியைப் போல உறைபனி விழுவதில்லை, சென்னையைப் போலச் செடி வாடுவதும் இல்லை. முட்டைகோஸ், நூல்கோல், பட்டாணி, பீட்ரூட் ஆகியவற்றை வீட்டுத் தோட்டத்தில் பெரிய பாடுபடாமல் வளர்க்க இதைவிடத் தோதான பெருநகரம் தென்னிந்தியாவில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் பின்புறத்தில் ஒரு செம்மண் துண்டும், மேலே மாடியில் க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைக்கப் போதிய இடமும் உள்ளன. இந்த இரண்டு இடங்களிலும் ரசாயனப் பூச்சிமருந்து தெளிக்காமல், பூச்சிகளையும் பறவைகளையும் தேரைகளையும் வேலைக்கு வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலப் பயிரை எடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுவரை விதைப்பு நடந்தது. மண்ணில் அவரை, தக்காளி, முட்டைகோஸ். மாடியில் நூல்கோல், முள்ளங்கி, கீரை வகைகள். அவரையில் இப்போது பருவம் பார்க்காமல் எந்த மாதத்திலும் காய்க்கும் ஹெப்பாள் அவரை 3, 4 ஆகிய ரகங்கள் கிடைக்கின்றன. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியவை அவை. ஆனால் நான் பந்தலில் ஏற்றியது பகல் நேரம் குறைந்த பிறகே பூக்கும் பழைய நாட்டு வகை. மார்கழிப் பனியில் விளையும் அந்தக் காயின் மணத்துக்காகவே இந்த ஊரில் பலர் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்த மணத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை, பூக்கும் நேரத்தில் தவறாமல் வந்து சேரும் கருப்பு அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி.

குளிர்ந்த பருவத்தில் இயற்கை எதிரிகளை நம்பித் தோட்டம் போடுகிறவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அசுவினியும் அதைத் தின்னும் பூச்சிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அசுவினியின் பெண் பூச்சிகள் ஆணுடன் சேராமலேயே குஞ்சுகளை ஈனும். அந்தக் குஞ்சுகள் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் தாமும் ஈனத் தொடங்கிவிடும். பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்ற நான்கு நிலைகளையும் கடக்க இரண்டு மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, அசுவினியின் வளர்ச்சி தடைப்படும் வெப்பநிலை பொதுவாக அதன் எதிரிகளுக்கு உரியதைவிடத் தாழ்வானது. ஆகவே குளிர் கூடும்போது இரண்டின் வேகமும் குறைந்தாலும், எதிரிகளின் வேகமே கூடுதலாகக் குறைகிறது. கோடையில் சில நாட்களாக இருக்கும் இடைவெளி டிசம்பரில் வாரக்கணக்கில் நீளுவதற்கு இதுவே காரணம். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து மருந்தடித்தால் பொறிவண்டு வருவதற்கு இரையே இருக்காது. அடித்த மருந்திலிருந்து மீண்டும் முதலில் எழுவதும் அசுவினிதான். எனவே தோட்டத்தில் நான் செய்த வேலைகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இந்த இடைவெளியைச் சுருக்குவதற்கோ, அதைத் தாங்குவதற்கோ செய்யப்பட்டவை.

சுருக்குவதற்கான முதல் வழி, அசுவினி வருவதற்கு முன்பே பூக்களைத் தயாராக வைத்திருப்பது. சிர்பிட் ஈ, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவிகள் ஆகியவற்றின் புழுக்கள் பிற பூச்சிகளைத் தின்றாலும், வளர்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவை தேனையும் மகரந்தத்தையும் நம்பியிருப்பவை. அவற்றின் வாய் குட்டையானது. செம்பருத்தி போன்ற ஆழமான பூக்கள் அவற்றுக்குப் பயன்படா. குடை விரித்தாற்போல் சிறு பூக்கள் பூக்கும் கொத்தமல்லி, சோம்பு, இங்கே எல்லாக் காய்கறிக் கடையிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் சப்சிகே கீரை (சதகுப்பை) ஆகிய மூன்றுமே இதற்குப் போதும். கீரையாகப் பறித்ததுபோக ஒவ்வொரு பையிலும் பாதியைப் பூக்க விட்டேன். இரண்டு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் விதைத்ததால் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஏதேனும் ஒரு பையில் பூ இருந்துகொண்டே இருந்தது. துலுக்கச் சாமந்தி (செண்டுமல்லி) வைத்தால் பூச்சியே வராது என்று பலர் சொல்வதுண்டு. இந்தச் சாமந்தியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தக்கூடியது என்பது உண்மை; ஆனால் அவரையில் ஏறும் அசுவினியைத் தடுக்க அது எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. பைக்குள் இடம் குறைவாக இருந்தால் சாமந்திக்குப் பதிலாகக் கொத்தமல்லியை வைக்கவே நான் சொல்வேன்.

அவரை மொட்டு விட்ட சில நாட்களிலேயே தளிர் நுனிகளும் பூங்காம்புகளும் கருப்பாக அப்பிக்கொண்டன. தர்மபுரியிலிருந்து வந்து பல ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, கொடியெல்லாம் கருப்பா அப்பிக் கெடக்கு, இன்னும் மருந்து அடிக்கலையா?” என்று கேட்டார். “எறும்பை மட்டும் முதல்ல எறக்கிட்டுப் பார்க்கலாம்க்கா” என்றேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கணக்கில் அதுவே முதன்மையான வேலை.

அசுவினி செடிச்சாற்றை உறிஞ்சி, எஞ்சிய சர்க்கரையை இனிப்புத் திரவமாக வெளியேற்றுகிறது. அதை உண்ண வரும் எறும்புகள், தம் உணவுக்கு ஆதாரமான அசுவினியை மற்றப் பூச்சிகளிடமிருந்து காக்கின்றன. முட்டையிட வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகின்றன. அதன் புழுக்களைத் தூக்கிச் சென்றுவிடுகின்றன. எறும்பு காவல் இருக்கும் கொடியில் எத்தனை பொறிவண்டுகள் வந்தாலும் பயனில்லை. கொடியின் அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தில் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் வாசலினைத் தடிமனாகப் பூசினேன். தண்டின் மேலேயே நேரடியாக எதையும் பூசக்கூடாது. பட்டை மூச்சடைத்துப் போகும். பந்தற்கால்கள், கட்டியிருந்த கயிறுகள் ஆகியவற்றுக்கும் இதே வேலை. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை எல்லாம் வெட்டிவிட வேண்டியிருந்தது. எறும்புக்கு ஒரே ஒரு பாலம் போதும், மற்ற எல்லாத் தடையும் வீண். துணியில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும்.

பிறகு, மிக அடர்த்தியாக அப்பியிருந்த நுனிகளை மட்டும் கிள்ளி எறிந்தேன். நடுத்தரமானவற்றின்மீது குழாய்த் தண்ணீரைக் காலை நேரத்தில் வேகமாகப் பீய்ச்சினேன். கீழே விழும் அசுவினிகளில் பல மீண்டும் ஏறி வருவதில்லை. பந்தலின் வடக்கு மூலையில் இருந்த ஒரு கிளைத் தொகுதியை மட்டும் தொடாமல் விட்டேன். அங்கே அசுவினி தடையின்றிப் பெருகட்டும் என்பதே திட்டம். வீட்டிலிருந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமாக இருந்தது. காயைத் தின்னும் பூச்சியை வளர்க்கிறாயா என்று கேட்டால், ஆம், கொஞ்சம் வளர்க்கத்தான் வேண்டும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பெண் பொறிவண்டு இரை நிறைந்த இடம் பார்த்தே முட்டையிடும். ஒன்றுமில்லாத சுத்தமான கொடியில் அது நிற்காது.

நினைத்தபடி அந்த மூலையில்தான் முதல் முட்டைகள் தென்பட்டன. இலையின் அடிப்புறத்தில் நெருக்கமாக நிற்கவைத்த மஞ்சள் மணிகளாக அவை இருக்கும். அவற்றிலிருந்து வரும் புழு, நாம் அறிந்த உருண்டைப் பொறிவண்டைச் சிறிதும் ஒத்திருக்காது. கருமையும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்டு, ஆறு கால்களோடு நீண்டு, ஒரு சின்னஞ்சிறு முதலைக்குட்டி போலத் தோன்றும். விவரம் அறியாதவர்கள் நசுக்கிவிடுவதெல்லாம் இந்தப் புழுவைத்தான். வண்டைவிடப் புழுவே இரைக்கு அலையும் என்பதால், ஒரு புழுவைக் கொல்வது நூற்றுக்கணக்கான அசுவினிகளைக் காப்பாற்றுவதற்குச் சமம். இங்கே அதிகம் வந்தவை ஆரஞ்சு முதுகில் கருப்பு வளைகோடுகள் கொண்ட வகை. அவரை, தட்டைப்பயறு அசுவினியைத் தேடி இந்தியாவெங்கும் வருவது அதுவே. அவற்றோடு, காலில்லாமல் ஊர்ந்து செல்லும் பச்சை நிறச் சிர்பிட் ஈப் புழுக்களும் சேர்ந்துகொண்டன. உப்பிப் பழுப்பு நிறமாகி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அசுவினிகளும் ஆங்காங்கே தெரியத் தொடங்கின. அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. முதுகில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். இந்தப் பழுப்பு உடல்கள் கூடிவருவதே, இனித் தண்ணீர் பீய்ச்சுவதையும் நிறுத்திவிடலாம் என்பதற்கான அறிகுறியாக நான் எடுத்துக்கொண்டேன். ஜனவரி தொடக்கத்தில் கொடி சுத்தமாகிவிடவில்லை. ஆனால் காய் பிடிப்பதைக் கெடுக்கும் அளவுக்கு அசுவினி எங்கும் இல்லை. வீட்டுத் தேவைக்கும் மதிலுக்கு அப்பால் கொடுப்பதற்கும் போதிய காய் கிடைத்தது.

வாசலில் இருந்த செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தபோது ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவைப்பட்டது. மாவுப்பூச்சியை உண்ணும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, தானும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, பார்வைக்கு ஒரு பெரிய மாவுப்பூச்சியாகவே தெரியும். குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும்: மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே மந்தமாகக் கிடக்கும், பொறிவண்டுப் புழுவோ விரைந்து நகரும், அதன் இழைகளும் நீளமாக இருக்கும். காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதில் பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. செதில் பூச்சியில் பெரிதாகச் சாதிக்காவிட்டாலும் மாவுப்பூச்சியை நம்பி இங்கேயே நிலைத்துவிட்டது. இத்தகைய வேலையில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிராக, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது, ஹெப்பாளத்தில் இயங்கும், இப்போது தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனம். அவற்றில் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள ஒரு குளவியே தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பெரும் தொகையை மிச்சப்படுத்தியது. செம்பருத்தியில் கிரிப்டோலேமஸ் புழுக்கள் இருப்பது உறுதியானதால் எறும்புத் தடையை மட்டும் போட்டுவிட்டு விலகிக்கொண்டேன்.

அடுத்தது மூங்கில் வேலை. தனித்து வாழும் தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் கூடு வைப்பதற்காக, கன்டோன்மென்ட் பக்கம் உள்ள பம்பூ பஜாரில் மெல்லிய காய்ந்த மூங்கில்களை வாங்கினேன். உட்துளை 4 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர்வரை கலந்து இருக்கும்படி பொறுக்க வேண்டும்; அதைவிடப் பெரிய துளைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமாகவும், ஒரு முனையில் கணு அடைத்தபடியும் இருக்குமாறு ஹேக்ஸா ரம்பத்தால் அறுத்தேன். இருபுறமும் திறந்த குழாயில் தேனீ குடியேறாது. அறுத்த வாயில் சிம்பு இருந்தால் இறக்கை கிழியும் என்பதால், உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, தட்டித் தூளை வெளியேற்றினேன். வேலையில் பாதி நேரத்தை விழுங்கியது இந்தத் தேய்ப்புதான். கடைகளில் விற்கும் அழகான பூச்சி வீடுகளில் விடுபட்டிருப்பதும் பெரும்பாலும் இதுவே.

துண்டுகளைப் பழைய மேசை இழுப்பறை ஒன்றில் அசையாதபடி இறுக்கி அடுக்கி, மேலே முன்புறம் சற்று நீண்டிருக்குமாறு ஒரு தகரத் துண்டைக் கூரையாக அடித்தேன். பிளாஸ்டிக் குழாயையோ டப்பாவையோ பயன்படுத்தினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காலை வெயில் நேராக விழும்படி கிழக்கு நோக்கி, மார்பளவு உயரத்தில், சுவரில் இரண்டு திருகுகள் போட்டு மாட்டினேன். குளிர்காலத்தில் தேனீ உடல் சூடாகிப் பறக்கத் தொடங்க அந்த வெயில் உதவும். கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் ஆடும்; ஆடும் வீட்டைத் தேனீ விரும்பாது.

யார் குடிவந்திருக்கிறார்கள் என்பதைக் குழாயின் வாயை அடைத்திருக்கும் பொருளே சொல்லிவிடும். வட்டமாக வெட்டிய இலைத் துண்டுகளால் அடைத்திருந்தால் இலைவெட்டித் தேனீ. ரோஜா இலைகளின் ஓரத்தில் கத்தரித்தாற்போலத் தெரியும் அரைவட்டங்கள் அதன் கைவேலை, செடிக்கு அதனால் கேடில்லை. பிசினால் அடைத்திருந்தால் அதன் இன்னொரு உறவினம். மண்ணால் அடைத்திருந்தால் பெரும்பாலும் குளவி. அது தேனுக்குப் பதில் பச்சைப் புழுக்களைக் கொட்டி மயங்கவைத்து, தன் குஞ்சுக்கு உணவாக உள்ளே அடுக்கி வைக்கும். என் பெட்டியில் மண் அடைப்புகளே மிகுதி. தேனீயை எதிர்பார்த்து வேலையில் இறங்கியவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். முட்டைகோஸ் வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

தக்காளிக்குத் தேவைப்படும் தேனீக்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்கு வருபவை அல்ல. தக்காளி, கத்தரி ஆகியவற்றின் மகரந்தப் பைகள் நுனியிலோ உட்புறமாகவோ மட்டுமே திறப்பவை. பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் தூள் கொட்டும். நாட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப் பட்டைத் தேனீக்கும் மரத்தைத் துளைக்கும் கருவண்டுத் தேனீக்கும் தெரியும். நீலப் பட்டைத் தேனீ மண்ணில்தான் வளை தோண்டும் என்பதால், மதிலோரம் நிழலும் ஈரமும் படாத ஒரு முழ அகலத் தரையை மூடாக்கு போடாமல் வெறுமனே விட்டேன். கருவண்டுக்காக ஒரு பட்ட முருங்கைக் கிளையை வெட்டாமல் வைத்திருந்தேன். இரண்டும் வந்து சேரும்வரை முற்பகலில் தக்காளிப் பூங்கொத்துகளை விரலால் சுண்டிவிடுவதே போதுமானது.

முட்டைகோஸைப் பொறுத்தவரை இயற்கை எதிரிகளை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வைரமுதுகு அந்துப்பூச்சியின் சிறு பச்சைப் புழுக்கள் குருத்தைத் துளைத்துவிட்டால் கோஸ் உருளாது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உழவர்களுக்குச் சொல்லும் முறை, 25 வரிசை முட்டைகோஸுக்கு இரண்டு வரிசை கடுகு, ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்பும் மற்றொன்றை நடவுக்கு 25 நாள் பின்பும் விதைப்பது. அந்துப்பூச்சி கடுகையே முதலில் நாடும். வீட்டுப் பாத்திக்கு அதைச் சுருக்கி, சுற்றிலும் ஓரமாகக் கடுகு தூவினேன்; மெல்லிய கொசுவலையால் இளஞ்செடிகளையும் மூடினேன். கடுகில் புழு கூடினால் அந்தக் கடுகின்மேல் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து அந்தி நேரத்தில் தெளித்தேன். வேப்பெண்ணெய் என்பதாலேயே அது எல்லாவற்றுக்கும் தீங்கற்றது ஆகிவிடாது. பொறிவண்டுப் புழுமேல் பட்டால் அதுவும் பாதிக்கப்படும். ஆகவே அவரைப் பந்தல் பக்கம் அது போகவே இல்லை.

நத்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1847இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்று பெங்களூருத் தோட்டங்களில் மழைக்காலத்தின் தலையாய தொல்லை. அக்டோபர், நவம்பர் மழையில் நனைத்த சாக்கை மாலையில் விரித்து வைத்துவிட்டு, காலையில் அதன் அடியில் ஒதுங்கியவற்றைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். அவை நோய் ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடியவை என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. மண்ணில் உப்பைத் தூவவும் கூடாது. சிறு நத்தைகளையும் இரவுப் பூச்சிகளையும் தேரைகள் பார்த்துக்கொண்டன. உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, நிழலான ஈர மூலையில் வாய் தெரிய வைத்தால் அவை பகலில் அங்கே தங்கும். மதிலோரப் புதர் ஒன்றை வெட்டாமல் விட்டதால் செம்போத்தும் வந்துபோயிற்று. பெரிய நத்தையைத் தூக்கிச் செல்லும் பறவை அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

பறவைகளுக்கென்று தனியாகத் தீனி எதுவும் வைக்கவில்லை. தானியம் போட்டால் இந்த ஊரில் முதலில் வருவது புறா. ஆழமில்லாத மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். டெங்குக் கொசு அதில் பெருகாதிருக்க மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு நீரை மாற்ற வேண்டும். வராந்தாவின் சிலந்தி நூல்களைத் துடைக்காமல் விட்டதற்குத் தேன்சிட்டு பயன்பெற்றது. கூடு கட்ட அதற்கு அந்த நூல் தேவை. குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது தேனைவிட மிகுதியாகப் பூச்சிகளையும் சிலந்திகளையுமே.

பிப்ரவரி இறுதியில் அவரை முற்றியதும் கொடியை உடனே பிடுங்கி எரு குழியில் போடாமல், அறுத்த கொடிகளைப் பாத்தியின் மேலேயே ஒரு வாரம் பரப்பி வைத்தேன். இலைகளில் ஒட்டியிருக்கும் பொறிவண்டுக் கூட்டுப்புழுக்களும், பழுப்பு அசுவினிகளுக்குள் இருக்கும் குளவிகளும் வெளியேற அந்த அவகாசம் வேண்டும். அவை அடுத்துப் போவதற்கு இடமாக, மாடியில் தட்டைப்பயறு ஒரு பை முன்பே முளைத்திருந்தது. மூங்கில் பெட்டியில் வாய் திறந்துவிட்ட குழாய்களை மட்டும் உருவி எறிந்து, அந்த இடங்களில் புதிதாக அறுத்தவற்றைச் செருகினேன். பழைய குழாயையே விட்டால் உண்ணிகளும் பூஞ்சையும் அடுத்த தலைமுறைக்குத் தொற்றும். மார்ச் வெயிலுக்காகப் பெட்டியின் கூரைத் தகரத்தின் மேல் ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறேன்.